வேலையில்லாதோர் குறைந்தார்களா, ஊரே குறைந்ததா?

வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்து விட்டது என்று ஒரு சர்க்கார் பறை சாற்றுமானால், அதைக் கேட்டு மகிழ்வதற்கு முன் உழைப்பாளி மக்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேலை கேட்டவனுக்கு வேலை கிடைத்ததா, அல்லது வேலை கேட்டவனே ஊரை விட்டுப் போய் விட்டானா? இரண்டு விதத்திலும் சதவீதம் குறையும். முதலாவதில் அடுப்பு எரியும். இரண்டாவதில் வீடே பூட்டிக் கிடக்கும். ஆனால் புள்ளி விவரப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

இந்தக் கண்கட்டு வித்தையைப் புரிந்து கொள்ள நாம் எங்கோ கற்பனை உலகத்துக்குப் போக வேண்டியதில்லை. உலகத்துக்கே பொருளாதாரப் பாடம் சொல்லித் தரும் அமெரிக்காவுக்கே போவோம். அங்கே வால் தெருவுக்குப் போக வேண்டாம், நியூயார்க்கின் வானளாவும் கட்டிடங்களையும் பார்க்க வேண்டாம். அந்தக் கட்டிடங்களுக்கு உருக்கு தந்த கரி எங்கிருந்து வந்ததோ, அந்த மலைநாட்டுக்குப் போவோம்.

கரி கொழித்த மலைநாடு

மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தின் தென்கோடியில் மக்டவல் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. விஸ்தீரணம் சுமார் 535 சதுர மைல். தலைநகரம் வெல்ச் என்னும் சிறு பட்டணம். 1880இல் அங்கே இருந்த ஜனத்தொகை 3,074. மலையும் காடும், ஓடைக் கரையில் சில பண்ணைகளும், அவ்வளவுதான். அந்த மலைகளுக்கு அடியில் போகஹாண்டாஸ் என்று பெயர் பெற்ற கரி அடுக்கு கிடந்தது. உருக்காலைகளுக்கு வேண்டிய கோக் செய்வதற்கு உலகிலேயே மிக உயர்ந்த ரகங்களில் ஒன்று அது. நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வே மலையைக் குடைந்து வந்தது. ரயிலைத் தொடர்ந்து கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளைத் தொடர்ந்து மனிதர்கள் வந்தார்கள்.

தெற்கு ராஜ்யங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் ஏழை விவசாயிகள் கப்பலேறி வந்தார்கள். 1910இல் ஜனத்தொகை 47,856. 1930இல் 90,479. 1950இல் 98,887. யு.எஸ். ஸ்டீல் என்னும் உருக்கு ஏகபோகம் தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரால் கேரி என்றொரு ஊரையே நிர்மாணித்தது. வெல்ச் நகரத்தின் குறுகிய தெருக்களில் வண்டிகளை நிறுத்த இடமில்லாமல், 1941இல் நகரசபையே பல அடுக்கு மோட்டார் நிறுத்துமிடம் கட்டியது என்றால் அந்தக் கால நெரிசலை ஊகித்துக் கொள்ளலாம்.

இதை ஏதோ பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. வீடு கம்பெனி வீடு. கடை கம்பெனிக் கடை. பல சுரங்கங்களில் கூலியைக் காசாகக் கொடுக்காமல், கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளாகக் கொடுத்தார்கள். சங்கம் என்று வாய் திறந்தால் வேலையும் போகும், அதோடு வீடும் போகும். சட்டி பானையோடு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். காவலுக்குக் கூலிப்படை. தொழிலாளர் பக்கம் நின்றதற்காகப் பேர் பெற்ற மேட்வான் ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டையும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸையும், 1921 ஆகஸ்ட் 1ஆம் தேதி, இதே வெல்ச் நகர நீதிமன்றத்துப் படிக்கட்டில், அவர்களுடைய மனைவிமார் கண் முன்னால், கம்பெனிகளின் கூலிப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். இருவர் கையிலும் ஆயுதம் இல்லை. கொன்றவர்கள் தண்டனை பெறவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே பிளேர் மலையில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதமேந்தி அணிவகுத்ததும், அவர்களை அடக்க மத்திய சர்க்காரின் ராணுவம் வந்ததும் சரித்திரம்.

1933க்குப் பிறகுதான் சங்கம் அங்கே நிலை கொண்டது. ரத்தம் சிந்திப் பெற்ற சங்கம். கூலி உயர்ந்தது, வில்லைக் கூலி ஒழிந்தது, ஆஸ்பத்திரி வந்தது. அந்தச் சமயத்தில்தான் யந்திரம் வந்தது.

கரி குறையவில்லை, மனிதன் குறைந்தான்

1940களின் இறுதியில் தொடர் வெட்டு யந்திரம் சுரங்கத்துக்குள் நுழைந்தது. கரியைத் துளையிட்டு, வெடி வைத்து, வாரிக் கொட்ட முன்பு பல பேர் செய்த வேலையை அந்த ஒரே யந்திரம் செய்தது. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார். உயர்ந்த கூலி, ஒவ்வொரு டன்னுக்கும் சங்கத்தின் நல நிதிக்கு ஒரு தொகை; இதற்கு ஈடாக யந்திரங்களுக்குத் தடையில்லை. வேலையில் தங்கியவனுக்கு அது நல்ல ஒப்பந்தம். வெளியே தள்ளப்பட்டவனுக்கு?

மேற்கு வர்ஜீனியா முழுவதிலும் 1950இல் சுரங்கத் தொழிலாளர் தொகை சுமார் 1,20,000. 1960இல் அது 50,000க்கும் கீழே. பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தே வருஷத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கரியும் பாதியாகக் குறைந்ததா? இல்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆளுக்கு ஆள் வெட்டப்படும் கரி இரண்டு மடங்காயிற்று. அந்த இரட்டிப்பின் பலன் யாருக்குப் போயிற்று என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1960 தேர்தல் பிரசாரத்தில் ஜான் கென்னடி இந்த உண்மையைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். மக்டவல் கவுண்டி சரித்திரத்தில் இல்லாத அளவு கரி வெட்டுகிறது, அதே மக்டவலில்தான் நாட்டிலேயே மிக அதிகம் பேர் சர்க்காரின் இலவச உணவுப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறார்கள், மனிதர் வேலையை யந்திரம் செய்கிறது, அந்த மனிதர்களுக்கு வேறு வேலை தர நம்மால் முடியவில்லை என்ற கருத்துப்பட அவர் பேசினார். ஜனாதிபதியான பிறகு 1963இலும் அதே கவுண்டியைச் சுட்டிக்காட்டி, அங்கே நூற்றுக்கு 20, 25 பேர் வேலையின்றி இருக்கிறார்கள், வாரக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில் என்று சொன்னார். 1961 மே 29ஆம் தேதி அமெரிக்காவின் புதிய உணவுக் கூப்பன் திட்டம் இதே வெல்ச் நகரத்தில்தான் ஆரம்பமாயிற்று. முதல் கூப்பனை வாங்கியது வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெரிய குடும்பம். உலகத்தின் பணக்கார நாட்டில், அதற்கு உருக்கு செய்யக் கரி கொடுத்த ஊரில், முதல் கூப்பன்!

நூற்றுக்கு இருபது எங்கே போயிற்று?

இப்போதுதான் நம் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். அந்த இருபது, இருபத்தைந்து சதவீதம் பிறகு குறைந்தது. ஏறியது, மறுபடி குறைந்தது. 2016 வாக்கில் பத்து சதவீதத்துக்கு மேல் நின்றது, அப்புறம் சில வருஷங்களில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி, 'பாருங்கள், இறங்குகிறது' என்று காட்டுகிற பொருளாதார மேதைகளுக்குக் குறைவில்லை.

அந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரைபடத்தை நாம் மாட்டுவோம். அது ஜனத்தொகை வரைபடம். 1950இல் 98,887. 1960இல் 71,359. 1970இல் 50,666. 1980இல் 49,899. 1990இல் 35,233. 2000இல் 27,329. 2010இல் 22,113. 2020இல் 19,111. ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். பஞ்சமோ யுத்தமோ இல்லாமல் நடந்த காரியம் இது.

எங்கே போனார்கள்? டெட்ராயிட், கிளீவ்லண்ட், அக்ரான், சிகாகோ என்று மோட்டார் ஆலைகளையும் ரப்பர் ஆலைகளையும் தேடி வடக்கே போனார்கள். போன இடத்தில் 'ஹில்பில்லி' என்று, அதாவது மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்று, ஏளனப் பெயர் வாங்கினார்கள். தாய் தகப்பனை மலையில் விட்டு விட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க மோட்டார் ஓட்டித் திரும்பி, திங்கட்கிழமை காலை ஆலைச் சங்குக்குப் போய் நின்றார்கள். மக்டவல் கவுண்டியின் வேலையில்லாதோர் கணக்கிலிருந்து அவர்கள் பெயர் அடிக்கப்பட்டது. சதவீதம் இறங்கியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 100 பேர் வேலைக்கு நிற்கிறார்கள். 80 பேருக்கு வேலை இருக்கிறது, 20 பேருக்கு இல்லை. வேலையின்மை 20 சதவீதம். இருபதில் பத்துப் பேர் ஊரை விட்டுப் போகிறார்கள். ஆறு பேர், 'இனித் தேடி என்ன பயன்' என்று கை விட்டு விடுகிறார்கள். மிச்சம் வேலை தேடுகிறவர்கள் நான்கு பேர். இப்போது வேலைச் சந்தையில் இருப்பவர்கள் 84, வேலையில்லாதவர்கள் 4. வேலையின்மை 5 சதவீதத்துக்கும் கீழே! ஒரே ஒரு புதிய வேலையாவது பிறந்ததா? பிறக்கவில்லை. 80 வேலை 80 ஆகவே இருக்கிறது. ஆனால் மந்திரி மேடையேறி, வேலையின்மையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து விட்டோம் என்று மார் தட்டலாம். யாரும் அதைப் பொய் என்று சட்டப்படி நிரூபிக்க முடியாது!

தேடுவதை விட்டவன் மனிதனில்லையா?

போனவர்கள் கதை அது. இருப்பவர்கள் கதை இன்னும் விசித்திரமானது.

அமெரிக்க சர்க்காரின் கணக்குப்படி வேலையில்லாதவன் யார்? வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. வேலைக்கு வரத் தயாராக இருக்க வேண்டும். கடந்த நான்கு வாரங்களில் ஏதாவது ஒரு விதத்தில் அவன் தீவிரமாக வேலை தேடியிருக்கவும் வேண்டும். தேடவில்லையென்றால் அவன் 'வேலையில்லாதவன்' அல்ல. 'வேலைப் பட்டாளத்துக்கு வெளியே உள்ளவன்'. இன்னொரு பக்கம், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலி வேலை செய்திருந்தால் போதும், அவன் 'வேலையில் உள்ளவன்'.

இந்த விதி வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1967க்கு முன்பு, 'எங்கள் ஊரில் வேலையே கிடையாது என்பதால் தேடவில்லை' என்று கணக்கெடுப்பவரிடம் தானாகச் சொல்பவரையும் வேலையில்லாதவராகச் சேர்த்துக் கொண்டார்கள். 1962இல் அறிக்கை தந்த ஒரு கமிட்டியின் யோசனையை ஒட்டி, 1967இல் விதி இறுக்கப்பட்டது. அதன் பிறகு, தேடியதற்கு அத்தாட்சி இல்லையேல் அவன் கணக்கில் இல்லை. மூன்று சுரங்கம் இருந்து மூன்றும் மூடப்பட்ட ஒரு மலைப் பள்ளத்தாக்கில், வேலை தேடுவது என்றால் என்ன? மூடிய வாசலை மாதம் ஒரு தரம் போய்த் தட்டி விட்டு வருவதா?

மக்டவலில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தே பார்த்தாலும், அண்மை ஆண்டுகளின் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறார்கள். அமெரிக்கா முழுவதற்கும் அது 60 சதவீதத்துக்கு மேல். மற்ற மூன்றில் இரண்டு பங்கினர் யார்? முதியவர்கள் உண்டு, மாணவர்கள் உண்டு. அவர்களோடு, நுரையீரல் கரித்தூசியால் நிரம்பியவர்கள் உண்டு. கூரை இடிந்து முதுகொடிந்தவர்கள் உண்டு. கார் இல்லாததால் அறுபது மைல் தாண்டியுள்ள வேலைக்குப் போக முடியாதவர்கள் உண்டு. இவர்களில் எவரும் 'வேலையில்லாதவர்' அல்ல. கணக்கு அவர்களை விழுங்கி ஏப்பம் விட்டு விட்டது.

'சோம்பேறிகள்' என்னும் சொல்

உடனே கனவான்கள் சிலர் சொல்வார்கள்: 'அவர்கள் உதவித் தொகை தின்று பழகிய சோம்பேறிகள்.' இந்தப் பேர்வழிகளை நாம் நேருக்கு நேர் கேட்கிறோம். வெளிச்சம் காணாத குழிக்குள் தவழ்ந்து போய்க் கரி வெட்டியவனா சோம்பேறி? 1968 நவம்பரில் அதே ராஜ்யத்தின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்களே, அவர்களா சோம்பேறிகள்? கரித்தூசி நோய்க்கு நஷ்ட ஈடு கேட்டு 1969 பிப்ரவரியில் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சட்டம் கொண்டு வந்தார்களே, அது சோம்பேறிகள் செய்கிற காரியமா?

1986இல் யு.எஸ். ஸ்டீல் கேரியில் இருந்த தன் சுரங்கங்களை நிரந்தரமாக மூடியது. 1,200க்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அந்த 1,200 பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறிகளானார்களா? பொம்மைக் கடை முதல் பலசரக்கு வரை விற்ற வால்மார்ட் கடை கிம்பல் ஊரில் இருந்தது. சுரங்கம் போன பிறகு அதுதான் கவுண்டியின் பெரிய முதலாளிகளில் ஒன்று. 2016 ஜனவரியில் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அந்தக் கம்பெனி அறிவித்தபோது இதுவும் மூடப்பட்டது. கடையின் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். இவர்களும் சோம்பேறிகள்தானா?

வேலை போன இடத்தில் எது வந்தது என்று கேட்டால், 2010இல் மத்திய சர்க்காரின் சிறைச்சாலை ஒன்று வந்தது. வலி மாத்திரையும் வந்தது. 2007 முதல் 2012 வரை ஆறு வருஷத்தில், சுமார் 18 லட்சம் ஜனங்கள் உள்ள மேற்கு வர்ஜீனியாவுக்கு, போதை தரும் வலி மாத்திரைகள் 78 கோடி அனுப்பப்பட்டன என்பது அந்த ராஜ்யத்துப் பத்திரிகை ஒன்று வெளிக்கொணர்ந்த கணக்கு. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு நானூறுக்கு மேல்! வேலை அனுப்ப வழி தெரியாத வியாபார உலகத்துக்கு மாத்திரை அனுப்ப வழி தெரிந்திருக்கிறது. 2010 கணக்குப்படி மக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 வருஷத்துக்கு அருகில். அமெரிக்கா முழுவதிலும் மிகக் குறைந்த இடங்களில் அது ஒன்று.

'சட்டம்தான் கெடுத்தது' என்னும் புளுகு

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. காற்று மாசு, தண்ணீர் மாசு என்று சட்டம் போட்டுக் கரித்தொழிலைக் கொன்று விட்டார்கள், அதனால்தான் வேலை போயிற்று என்பது இவர்கள் வாதம். சுரங்கத்துக்கு மறுவாழ்வு தருவோம் என்று வாக்குக் கேட்பவர்களும் இவர்களே. 2008இல் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை தந்த இதே கவுண்டி, 2016இல் நான்கில் மூன்று பங்கு வாக்குகளை டிரம்புக்குத் தந்தது. ஏமாற்றமடைந்தவன் எந்தக் கதவையும் தட்டுவான்; அவனை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் அவனிடம் சொல்லப்பட்டது பொய் என்பதை மறைக்கவும் மாட்டோம்.

தேதிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஏற்பட்டது 1970 டிசம்பரில். அதற்குள்ளாகவே, 1950க்கும் 1970க்கும் இடையில், மக்டவலில் 48,000க்கு மேற்பட்டவர்கள் குறைந்து விட்டார்கள். ஜனத்தொகை பாதியாகி விட்டது. பிறக்காத இலாகா எப்படி வேலையைப் பறித்தது? டிரம்ப் முதல் தடவை பதவிக்கு வந்தபோது நாடு முழுவதிலும் கரிச் சுரங்கங்களில் சுமார் 50,000 பேர் வேலை செய்தார்கள். நான்கு வருஷம் கழித்து அவர் இறங்கியபோது அதைவிடக் குறைவு. மக்டவலில் இன்றும் கரி வெட்டப்படுகிறது, உருக்காலைக் கரிக்கு உலகச் சந்தையில் கிராக்கியும் இருக்கிறது. ரயில் வண்டி நிறையப் போகிறது. ஊர் காலியாகவே இருக்கிறது.

யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. தவழ்ந்து போய்க் கரி வாருவதிலிருந்து மனிதனை விடுவிக்கும் யந்திரத்தை வேண்டாம் என்பவன் மூடன். ஆனால் யந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பு யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது? வேலை நேரம் குறைந்ததா? மலையடியில் வேறு தொழில் கட்டப்பட்டதா? நிலமும் நிலத்தடிக் கரியும் எவருடையவை? 1981இல் அப்பலாச்சிய மலைநாட்டின் ஆறு ராஜ்யங்களில் 80 கவுண்டிகளை ஆராய்ந்து ஒரு குழு அறிக்கை தந்தது. நிலத்தின் பெரும்பகுதியும் கனிமத்தின் பெரும்பகுதியும் அந்த ஊரில் வசிக்காத கம்பெனிகள் கையிலும் வெளியாட்கள் கையிலும் இருப்பதை அது எடுத்துக் காட்டியது. வருமானம் வெளியே போயிற்று. குழிகளும் கரிக்கழிவு மேடுகளும் உள்ளே தங்கின. இதுதான் உண்மையான காரணம்.

சதவீதம் சோற்றில் கை வைக்கிறது

எண்ணில் என்ன இருக்கிறது, எப்படி எண்ணினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணில் சோறு இருக்கிறது.

2025 ஜூலை 4ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. உணவுக் கூப்பன் வாங்கும் உடல் வலுவுள்ளோர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி முதலியவற்றில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்பு 54 வயது வரை இருந்தது. அதை 64 வயது வரை இந்தச் சட்டம் நீட்டியது. நிபந்தனையை நிறைவேற்றாதவர் மூன்று வருஷத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கூப்பன் பெற முடியாது. நோயாளிகள் முதலியோருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைத் தாள் தாளாக நிரூபிக்க வேண்டியவன் நோயாளிதான்.

வேலையே இல்லாத ஊருக்கு என்ன கதி? முன்பெல்லாம், போதுமான வேலைகள் இல்லாத இடம் என்று காட்டி ராஜ்ய சர்க்கார் விலக்குக் கேட்க வழியிருந்தது. புதிய சட்டம், ஒன்றிரண்டு தூர ராஜ்யங்கள் நீங்கலாக, வேலையின்மை 10 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களுக்கே விலக்கு என்று குறுக்கி விட்டது.

இப்போது நமது சின்னக் கணக்கை மறுபடி எடுத்துக் கொள்ளுங்கள். பத்துப் பேர் ஊரை விட்டுப் போனார்கள், ஆறு பேர் தேடுவதை விட்டார்கள், சதவீதம் 20இலிருந்து 5க்குக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தின் பெயரால், அந்த ஆறு பேரின் தட்டிலிருந்து சோறு எடுக்கப்படுகிறது! 'உங்கள் ஊரில்தான் வேலையின்மை குறைந்து விட்டதே, ஏன் வேலைக்குப் போகவில்லை?' என்று கேட்கப்படுகிறது. நம்பிக்கை இழந்தவனைக் கணக்கிலிருந்து நீக்கி, அந்தக் கணக்கைக் காட்டியே அவனைத் தண்டிப்பது. ஆண்களின் சராசரி ஆயுள் 64ஐ எட்டுவதே கஷ்டமாயிருந்த ஊரில், 64 வயது வரை வேலைச் சீட்டுக் காட்டு என்பது. 1961இல் கூப்பன் பிறந்த ஊருக்கு 2025இல் வந்த பரிசு இது.

நமக்கு இதில் என்ன பாடம்?

'அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு' என்று கேட்க வேண்டாம். அதே ஒரு மணி நேர விதி நம் நாட்டுக் கணக்கிலும் இருக்கிறது. நடப்பு வார நிலை என்ற முறையில், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவரே. வீட்டுப் பண்ணையிலோ வீட்டுக் கடையிலோ கூலியின்றி உழைக்கும் மனைவியும் மகளும் வேலையில் உள்ளவர்களே. 2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய மத்திய சர்க்காரின் அறிக்கை வெளிவராமல் கிடந்தது. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் கமிஷனின் இரண்டு அங்கத்தினர்கள் ராஜினாமா செய்தார்கள். பொதுத் தேர்தல் முடிந்து 2019 மே 31ஆம் தேதிதான் அறிக்கை வெளியாயிற்று. 2023-24இல் அதே கணக்கு 3.2 சதவீதம் என்று காட்டியது. பாதியாகக் குறைந்து விட்டதாகக் கொண்டாட்டம்! ஆனால் இதே காலத்தில், வேலை செய்யும் கிராமப் பெண்களில் 'சொந்தத் தொழில்' என்ற பெட்டிக்குள் போடப்பட்டவர்கள் 58 சதவீத அளவிலிருந்து 73 சதவீதத்துக்கு மேல் ஏறினார்கள். கூலியில்லாத வீட்டு உதவியாளரும் அந்தப் பெட்டிக்குள்தான் அடக்கம். இதை வேலை பெருகியதென்பதா, வேறு வழியில்லாதவர்கள் பெருகினார்கள் என்பதா?

காவிரிப் பாசனப் பகுதியில் நடவும் அறுப்பும் யந்திரத்துக்குப் போன கிராமங்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியவர்களை அந்தக் கிராமத்தின் வேலையின்மைக் கணக்கில் தேடிப் பாருங்கள். இருக்க மாட்டார்கள். மக்டவலிலிருந்து டெட்ராயிட்டுக்குப் போனவன் மக்டவல் கணக்கில் இல்லாததைப் போலவே.

ஆகவே, சதவீதத்தை மட்டும் நீட்டுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. அந்த இடத்தில் மொத்த வேலைகள் எத்தனை, அது கூடிற்றா குறைந்ததா? வேலைக்காக ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? தேடிச் சலித்து விட்டவர்கள் எத்தனை பேர்? வேலையில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி? இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லாத எந்தப் புள்ளி விவரமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் காரியம்தான். அந்த அரைகுறை எண்ணைக் காட்டி ஏழையின் உணவையோ நிவாரணத்தையோ வெட்டுவதை எந்த நாட்டு உழைப்பாளியும் பொறுத்துக் கொள்ளக் கூடாது.

மக்டவல் மக்கள் பொறுத்துக் கொண்டே இருந்தவர்கள் அல்லர். 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுண்டிகளிலும் பள்ளி ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலையை நிறுத்தினார்கள். தெற்குக் கரிச்சுரங்கக் கவுண்டிகளில்தான் பொறி முதலில் கிளம்பியது. சுரங்கத் தொழிலாளியின் பேத்திகளும் பேரன்களும் அதில் இருந்தார்கள். பள்ளியில் மதிய உணவையே நம்பியிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வேலைநிறுத்த நாட்களிலும் உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் கொண்டே போராடினார்கள். ஒன்பது பள்ளி நாட்கள் நின்று, 5 சதவீதச் சம்பள உயர்வைப் பெற்ற பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

எஞ்சியிருப்பவர்கள் சிலரே ஆனாலும், ஒன்றாக நின்றால் தங்களைக் கணக்கில் எடுக்க வைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.